மைனாவின் மெல்லினம்

அந்த வீட்டில் இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவருக்கு மீசை உண்டு, ஏசி மெக்கானிக். இன்னொருவருக்கு இடுப்பு வரை சடை உண்டு, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மீசைக்காரரை மைனா "அப்பா" என்று கூப்பிட்டதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பெற்றெடுத்த டீச்சரையும் அவள் "அப்பா" என்றே கூப்பிட்டாள். வீட்டில் இருந்த ஒரே வழக்கு அதுதான்.

மைனாவுக்கு ஐந்து வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று எல்லாப் பிள்ளைகளையும் சொல்வார்கள். இவள் விஷயத்தில் அது அட்சரம் பிசகாத உண்மை. பேசும்போதும் திறந்திருக்கும், பேசாதபோதும் திறந்திருக்கும், தூங்கும்போது இன்னும் நன்றாகத் திறந்திருக்கும். அந்த வாயிலிருந்து வந்த குறட்டையைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர், "உங்க வீட்டுப் பெரியவருக்கு உடம்புக்கு என்ன?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

அவள் பேச்சுக்குத் தனி அகராதி வேண்டும். கீழே காவலாளியின் காலடியில் படுத்திருக்கும் நாயை அவள் "தாய்" என்பாள். "தாய், வா! தாய், உக்காரு!" என்று கட்டளை போடுவாள், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்காரும். பத்து மாதம் சுமந்தவள் அப்பா, காவலாளியின் நாய் தாய் என்று ஆனால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? டீச்சரின் தம்பி, அதாவது மைனாவின் மாமா, இதில் தப்பித்துக்கொண்டவன். அவன் "பாபா". ஏற்கெனவே தாடி வைத்திருந்தவன், அந்தப் பட்டம் கிடைத்ததிலிருந்து அதை வெட்டவே இல்லை.

ஒரு நாள் துணிக்கடை லிஃப்டில், "எங்கே பாப்பா போகணும்?" என்று லிஃப்ட்காரர் குனிந்து கேட்டார். மைனா கணீரென்று, "பேல போகடுப்!" என்றாள். மேலே போக வேண்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் லிஃப்டில் இருந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் பதறிப்போய் அடுத்த மாடியிலேயே கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். டீச்சர் பின்னால் ஓடினாள். அங்கே மைனா கூரையைக் காட்டி, "இக்க இல்ல, பேல! பேல!" என்று அழுதாள். லிஃப்ட்காரருக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் சுப்பா. பாலர் வகுப்பிலிருந்து அவ்வப்போது முகம் வீங்கி வருவாள்.

"ஏன்டி அழுத?"

"சுப்பா."

"யாருடி அந்தச் சுப்பா?"

"சுப்பாதாட்!" என்று தோளைக் குலுக்குவாள்.

சுப்பாதான் என்கிறாளே, குழந்தை பொய்யா சொல்லும்? டீச்சர் நேரே போய் பாலர் வகுப்பு வருகைப் பதிவைப் புரட்டிப் பார்த்தாள். சுப்பையா இல்லை, சுப்பிரமணி இல்லை, சுகன்யாதான் ஒருத்தி இருந்தாள், அவளும் மைனாவைப் பார்த்தாலே ஒளிந்துகொள்ளும் ரகம். "பெரிய வகுப்புப் பையனா இருப்பான். கையில கிடைக்கட்டும், காலை ஒடிக்கிறேன்" என்று பாபா சபதம் போட்டிருந்தான். காலை ஒடிக்க ஆள் அகப்படவில்லை.

ஊர் இதையெல்லாம் ரசித்தது. "இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். டீச்சரும் கூடவே சிரித்தாள். ஆனால் "அப்பா" என்று கூப்பிடும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது. ஐந்து வருஷமாகப் பால் கொடுத்து, காய்ச்சலுக்குக் கண் விழித்து, மூக்குச் சிந்தி விட்டு, இன்னும் ஒரு தடவைகூட "அம்மா" என்று காதால் கேட்கவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? புருஷனிடம் சொன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு, "பிள்ளைக்கு என் மேல அவ்வளவு பாசம், டீச்சர்" என்பான்.

அதிலும் அவள் தமிழ் டீச்சர். பிறர் பிள்ளைகளுக்கு எல்லாம் உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பவள். பெற்ற பிள்ளையைத் திருத்த முடியாவிட்டால் அவமானம் என்று பயிற்சியில் இறங்கினாள்.

"உதட்டைச் சேர்த்து வச்சுக்கோ. ம்ம்ம்ம்... சொல்லு பாப்போம்."

மைனா உதட்டைச் சேர்த்தாள். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, கன்னம் உப்பியது. கடைசியில் "ப்பா!" என்று வெடித்தது.

"வேணும்னே பண்றா" என்றாள் டீச்சர்.

"விடு டீச்சர், வயசு வந்தா சரியாயிடும்."

"உங்களுக்கென்ன, உங்க பேரு பத்திரமா இருக்கு."

பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள். "இனிமே அம்மான்னு கூப்பிட்டாத்தான் நான் திரும்புவேன். அப்பான்னா திரும்ப மாட்டேன்." டீச்சர்கள் போடும் சட்டம் வகுப்பறையில் நடக்கும், அடுக்களையில் நடக்குமா? நடந்தது. மைனா முதுகுக்குப் பின்னால் நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவாள். டீச்சர் அரிசி களைந்துகொண்டே நிற்பாள். காது முழுக்க அங்கேதான் இருக்கும், கழுத்து திரும்பாது. கொஞ்ச நாளில் மைனா கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் வந்து சடையைப் பிடித்து ஒரு இழுப்பு. டீச்சர் "ஆ!" என்று திரும்புவாள். சட்டம் அத்தோடு செத்தது, ஆனால் இழுக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஏழாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்புப் பாடம் வந்தது.

"வல்லினம் நெஞ்சுல பிறக்குது. இடையினம் கழுத்துல. மெல்லினம்?" என்று கேட்டாள் டீச்சர்.

"மூக்குல டீச்சர்!"

"நம்ப முடியலையா? சோதிச்சுப் பாத்துரலாம். எல்லாரும் மூக்கை இறுக்கிப் பொத்திக்கோங்க. இப்ப 'அம்மா'ன்னு சொல்லுங்க."

வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் கத்தியது:

"அப்பா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அறை நிறைய மைனாக்கள் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டது போல இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள். "மாமா சொல்லுங்க."

"பாபா!"

"நாய்?"

"தாய்!"

முதல் பெஞ்சுப் பெண் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். "டீச்சர், அழறீங்களா?"

"சிரிக்கிறேன்டி" என்றாள் டீச்சர். இரண்டும்தான் நடந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று கரும்பலகையில் எழுதியவள், பெற்ற பிள்ளையின் மூக்கை எட்டிப் பார்க்கவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மெக்கானிக் ஒரு ஏசியைப் பிரித்துப் போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தான். டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அவன் மூக்கைப் பிடித்தாள்.

"அம்மான்னு சொல்லுங்க."

"அப்பா" என்றான் அவன், கையில் ஸ்க்ரூடிரைவரோடு. பிறகு, அவள் கையை விலக்கிவிட்டு, "என்னது? அப்பாவா? இரு, இன்னொரு தடவை பிடி" என்றான். பிடித்தாள். மாமாவைக் கூப்பிட்டான், பாபா வந்தான். நாயைக் கூப்பிட்டான், தாய் வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து மாறி மாறி மூக்கைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு வந்த மைனாவுக்கு இந்த விளையாட்டு விளங்கவில்லை. எல்லாரும் தன்னைப் போலத்தானே பேசுகிறார்கள், இதில் என்ன வேடிக்கை என்று வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

மெக்கானிக்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப பிள்ளைக்கு மூக்கு வழியா காத்தே போகலையா, டீச்சர்?"

காது மூக்கு தொண்டை டாக்டர் அவசரமே இல்லாத அம்மாள். ஒரு சின்ன கண்ணாடியை மைனாவின் மூக்குக்கடியில் நீட்டினார். "மூச்சு விடு கண்ணு." கண்ணாடியில் ஆவி படியவே இல்லை. துடைத்த மாதிரி பளிச்சென்றே இருந்தது. அடுத்து பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே.

"இதுதான் அடினாய்டு" என்று படத்தில் பேனாவால் தொட்டார். "மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்குற சதை. எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும். வளர வளர தானா சுருங்கிடும். இவளுக்கு நெல்லிக்காய் மாதிரி வீங்கி வழியையே அடைச்சு உக்காந்திருக்கு. டிவி சத்தமா வைப்பாளே?"

"தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"காதுக்குள்ளயும் நீர் சேர்ந்திருக்கு. அதுவும் இதனாலதான். குறட்டை?"

"நான் பழுது பாக்குற கம்ப்ரஸர் எதுவும் அப்படிச் சத்தம் போடாது, டாக்டர்" என்றான் மெக்கானிக் கொஞ்சம் பெருமையாகவே.

"நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

மெக்கானிக்கின் பெருமை போன இடம் தெரியவில்லை. டீச்சரைப் பார்த்தான். இருவருக்கும் தெரிந்ததுதான். குறட்டை நின்று, வீடே ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, பிறகு ஒரு பெரிய உறிஞ்சலோடு அது மீண்டும் தொடங்கும். கனவு காண்கிறாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் முதலில் மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார். சில வாரம் அடித்தார்கள். நெல்லிக்காய் அசையவில்லை. "எடுத்துடலாம். வாய் வழியாவே எடுப்போம், வெளியில தழும்பே இருக்காது. காதுல இருக்குற நீரையும் அப்பவே உறிஞ்சி எடுத்துடுறேன். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

டீச்சருக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. "டாக்டர், அதுக்கப்புறம்... மெல்லினம் வருமா?"

"என்ன இனம்?"

"அம்மான்னு வருமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வரும்மா. கொஞ்ச நாளைக்கு அளவுக்கு மீறிக்கூட வரும். மூக்காலயே பேசுவா."

அவ்வளவுதான், வீட்டில் திருவிழாக் கூட்டம் போலாகிவிட்டது. முதல் "அம்மா" வரப்போகிறது! அதைப் பதிவு செய்யப் பாபா தன் ஃபோனில் இருந்த பழைய படங்களையெல்லாம் அழித்து இடம் பண்ணினான். டீச்சர் லீவு சொன்னாள். மெக்கானிக், "இனிமே எனக்குப் பாதிப் பேருதான் மிச்சம்" என்று போலியாக மூக்கைச் சிந்தினான்.

ஆபரேஷன் அன்று காத்திருக்கும் அறையில் மைனா பாபாவின் மடியில் இருந்தாள். பயம் வந்தால் அவன் தாடியைப் பிடித்துக்கொண்டு, "பாபா, பாபா" என்பாள். எதிரில் காதில் பஞ்சு வைத்திருந்த ஒரு அம்மாள் இதையே கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து, கை கூப்பி, "பாபா, என் காதுலயும் ஒரு கை வைக்கணும்" என்று தலையை நீட்டினார். பாபா அக்காவைப் பார்த்தான். அக்கா வேறு பக்கம் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பாபா இரண்டு விரலை அந்தப் பஞ்சின் மேல் வைத்து, "நல்லாயிடும், சொட்டு மருந்தை மட்டும் விடாம போடுங்க" என்றான். "இப்பவே கொஞ்சம் தேவலாம்" என்றார் அந்த அம்மாள்.

சிரித்து முடிப்பதற்குள் நர்ஸ் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்தியதும் டீச்சர் அதன் எதிரிலேயே போய் நின்றாள். நான் ஆசைப்பட்டது பிள்ளையின் மூச்சுக்கா, என் பெயருக்கா என்று அவள் மனம் அவளையே கேட்டது. மூச்சுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டாள். பெயருக்கும்தான் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா என்றே கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், முழுசாக வந்தால் போதும் என்று ஒரு கட்டத்தில் நிஜமாகவே நினைத்தாள்.

முழுசாகத்தான் வந்தாள். கண் விழித்ததும் கட்டிலைச் சுற்றி மூன்று பேர் குனிந்து நின்றார்கள். பாபா ஃபோனை நீட்டினான். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "யாரு வந்திருக்கா பாரு" என்றாள்.

மைனா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

"பசிக்குது."

டீச்சர் விரல் விட்டு எழுத்தை எண்ணினாள். "அத்தனையும் வல்லினம்!"

"விடுக்கா, அடுத்தது வரும்" என்றான் பாபா.

ஐஸ்கிரீம் வந்தது. ஒரு வாய் விழுங்கிவிட்டு மைனா முகத்தைச் சுளித்தாள். "வலிக்குது."

"இடையினம் வரைக்கும் வந்துட்டா!" என்று டீச்சர் கத்தினாள். "பாருங்க, வ, லி! இன்னும் ஒரு இனம்தான் பாக்கி!"

"குழந்தையைப் பேச வைக்காதீங்க" என்று நர்ஸ் அதட்டினாள். "தொண்டை புண்ணா இருக்கும்." பாவம், மூன்று இனம் பற்றி நர்ஸுக்கு என்ன தெரியும்? டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். மைனாவும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அந்தத் தூக்கத்தில்தான் மெக்கானிக் ஆடிப்போனான். திடீரென்று எழுந்து, "டீச்சர், சத்தமே இல்லையே!" என்றான். குழந்தையின் வாய் மூடியிருந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. விரலை அவள் மூக்குக்கடியில் கொண்டுபோனான். விரலில் இளஞ்சூடாகக் காற்று பட்டது. போனது, வந்தது. பிரிக்காத மெஷின் இல்லை என்று மார்தட்டுகிறவன், அந்த விரலை எடுக்காமலே அழுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். வழி முழுக்க மைனா வாய் திறக்கவில்லை. பாபாவின் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. கேட் அருகில் காவலாளியின் நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. மைனா மெக்கானிக்கின் தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள்.

"நாய்!" என்றாள்.

சாதாரண நாய் இல்லை, மூக்கு முழுக்க ஒலித்த பெரிய நாய். எல்லாரும் நின்றுவிட்டார்கள். முதல் மெல்லினம் நாய்க்குப் போய்விட்டதே என்று டீச்சருக்கு ஆதங்கமாக இருந்தது.

"நாய், வா! நாய், உக்காரு!"

நாய் தலையைத் தூக்கி, யாரைக் கூப்பிடுகிறாள் என்று இரண்டு பக்கமும் பார்த்தது. தன் பெயர் தாய் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். மறுபடி படுத்துக்கொண்டது.

மைனா ஆத்திரத்தோடு திரும்பினாள். "அம்மா, பாரும்மா! நாய் வரவே மாட்டேங்குது!"

டீச்சரின் கைப்பை கீழே விழுந்தது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி சொன்ன?"

"நாய் வரலைன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அம்மான்னேன்."

"கண்ணு! முதல் தடவையா அம்மான்னு கூப்பிட்டியேடி!"

மைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாயும் கேட்கவில்லை, இவளும் புரியாமல் பேசுகிறாள். "முதல் தடவையா? நான் எப்பவும் அம்மான்னுதானே கூப்பிடுறேன்? நீதான் திரும்பவே மாட்ட. அதான் சடையைப் பிடிச்சு இழுத்தேன்."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அரிசி களைந்துகொண்டு நின்றபோது, முதுகுக்குப் பின்னால் அந்தக் குழந்தை அம்மா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாய் அம்மா என்றது, மூக்கு அப்பா என்று வெளியே அனுப்பியது. ஐந்து வருஷமாகக் கேட்கவில்லையே என்று ஏங்கியது, ஐந்து வருஷமாகத் தினமும் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் மைனாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "தப்புடி, அம்மா பண்ணது தப்பு" என்று அழுதாள். மைனா, போனால் போகிறது என்று சடையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "அம்மா, மேல போகணும்" என்றாள். பாபா பழக்கதோஷத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு கழிவறை இருக்கும் பக்கம் ஓரடி வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு படியேறினான்.

வீட்டுக்குள் போய் டீச்சர் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா!"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். "என்னடி? வலிக்குதா? பசிக்குதா?"

"இல்ல. சும்மா."

டீச்சர் அடுக்களைக்குத் திரும்பப் போனவள் பாதி வழியில் நின்றாள்.

"என்ன சொன்ன?"

"சும்மாம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

சும்மாதான். சுப்பாதாட்! டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஏன் அழுதாய் என்றதற்குக் குழந்தை சொன்ன பதிலைத்தான் பாலர் வகுப்பு முழுக்கத் தேடியிருக்கிறாள். "என்னங்க!" என்று வீடு அதிரக் கத்தினாள். "டேய் தம்பி! ஓடி வாங்க! சுப்பா கிடைச்சுட்டான்!"

"எங்கே அவன்?" என்று பாபா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. டீச்சர் சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!" என்றாள் மைனா மறுபடி.

டீச்சர் திரும்பினாள். "என்னடி?"

"சும்மா."